உப்பு பூத்த கொல்லையில் மாங்கன்று: எரு எதுவரை கைகொடுக்கும்?

வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சாரம் இது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது இவர் குடும்பத்தின் 2 ஏக்கர் கொல்லையில் இருந்த தென்னையும் மாவும் சாய்ந்துவிட்டன. வீட்டோரத்தில் மாமியார் நட்ட ஒரே ஒரு மாமரம் மட்டும் தப்பியது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். இவர் தனியாளாக நின்று 60 ஒட்டு மாங்கன்றும் 40 சப்போட்டாவும் வைத்தார். சப்போட்டா ஓரளவு தேறிவிட்டது. மாங்கன்றுகளுக்கு மாசி பிறந்தாலே இலை நுனி கருகுகிறது, பங்குனியில் ஓரமெல்லாம் காய்ந்து உதிர்கிறது. இதுவரை 22 கன்று போய்விட்டது. காலையில் கொல்லைக்குப் போனால் சொட்டுநீர்க் குழாயைச் சுற்றி வட்டமாக வெள்ளை பூத்திருக்கிறதாம். 'உப்பு மண்ணுக்கு இயற்கை உரம்தான் மருந்து' என்று கேட்டு, 3 லோடு தென்னைநார்க் கழிவும் 1 லோடு கோழி எருவும் இறக்கிப் போட்டார். கன்றுகள் முன்னைவிட மோசமாயின. உரக்கடையில் 'உப்பை முறிக்கும்' என்று ஒரு திரவத்தைக் கொடுத்தார்கள், அதுவும் ஊற்றியாயிற்று. பக்கத்து வயல்காரர் ஜிப்சம் போடச் சொல்கிறார். கொழுந்தனார், "இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டுவிடுங்கள் அண்ணி, ஏன் கிடந்து அல்லாடுகிறீர்கள்" என்கிறார். மண் பரிசோதனைச் சீட்டில் கார அமில நிலை 7.9, மின்கடத்தும் திறன் (கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு, டெசிசீமன்ஸ்/மீட்டர் கணக்கில்) 1.9. ஆழ்குழாய்த் தண்ணீரின் மின்கடத்தும் திறன் 2.8. "4க்கு மேல் இருந்தால்தான் உவர் நிலம் என்று படித்தேன், எனக்கு 1.9தானே, பிறகு ஏன் கன்று சாகிறது?" என்று கேட்கிறார். குழி தோண்டியபோது 3 அடியில் சாம்பல் நிறக் களிமண் தட்டியதாகவும், கார்த்திகையில் ஒன்றரை அடியிலேயே தண்ணீர் ஊறி நிற்பதாகவும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 22 கன்றும் உங்கள் கவனக்குறைவால் போகவில்லை. முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். களிமண் எத்தனை அடியில் தட்டுகிறது, தண்ணீர் எந்த மாதத்தில் எங்கே நிற்கிறது என்றெல்லாம் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். மண் பரிசோதனைச் சீட்டைவிட அந்த இரண்டு வரிதான் எனக்கு அதிகம் சொன்னது.

உங்கள் சீட்டில் உள்ள 1.9ஐ வைத்து நிம்மதி அடைய முடியாது. உவர் நிலத்துக்குச் சொல்லப்படும் 4 என்ற எல்லை, மண்ணைக் குழையும் பதத்துக்கு நனைத்து, அதிலிருந்து உறிஞ்சி எடுத்த நீரில் அளப்பது. நம் பரிசோதனை நிலையங்களில் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி அளக்கிறார்கள். தண்ணீர் கூடினால் உப்பு நீர்த்துப்போகும், எண்ணும் சிறிதாகத் தெரியும். 3 மடங்கு என்று குறைத்துக் கணக்கிட்டாலும் உங்கள் மண் 5.7க்கு வருகிறது. மணற்பாங்கான மண்ணுக்கு அதற்கு மேலும் இருக்கும். பழ மரங்களில் உப்புக்கு எளிதில் நொந்துபோகிறவற்றில் மாவும் ஒன்று, 2ஐத் தாண்டும்போதே திணறத் தொடங்கிவிடும். அடுத்த முறை சீட்டு வாங்கும்போது, எந்த விகிதத்தில் கலக்கி அளந்தார்கள் என்று கேட்டு ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்பு எங்கிருந்து வருகிறது?

உங்கள் தண்ணீரின் அளவு 2.8 என்றால், ஒரு லிட்டரில் ஏறக்குறைய 1.8 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு கன்றுக்கு நாளைக்கு 30 லிட்டர் விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதாவது நாளொன்றுக்கு 54 கிராம், ஒரு பிடி உப்பு. மாசியிலிருந்து ஆவணி வரை 200 நாள் இப்படிப் பாய்ச்சினால் ஒவ்வொரு மாங்கன்றின் காலடியிலும் 10 கிலோவுக்கு மேல் உப்பு சேர்ந்திருக்கும். செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பைப் பெரும்பாலும் வெளியிலேயே விட்டுவிடுகிறது. வெயில் மிச்சத் தண்ணீரை மேலே இழுக்கிறது. நீங்கள் காலையில் பார்த்த வெள்ளை வட்டம் அதுதான்.

இப்போது எருவுக்கு வருகிறேன். எந்த எருவும் உப்பைத் தின்னாது. உப்பிலுள்ள சோடியமும் குளோரினும் தனிமங்கள். மட்க வைத்தோ, நுண்ணுயிரை விட்டோ அவற்றை இல்லாமல் ஆக்க முடியாது. கடைக்காரர் கொடுத்த திரவமும் இதற்கு விலக்கல்ல. அதில் வேருக்கு நல்லது செய்யும் ஏதாவது இருக்கலாம், ஆனால் அதை ஊற்றியதால் உங்கள் நிலத்திலிருந்து ஒரு கிராம் உப்புகூட வெளியேறியிருக்காது. உப்பை வெளியேற்றுவது நல்ல தண்ணீர் ஒன்றுதான், அதுவும் மண் வழியாகக் கீழே இறங்கி வெளியே போனால்தான்.

அப்படியானால் எரு எதற்கு? மட்கிய எரு மண்ணைப் பொலபொலவென்று ஆக்குகிறது, மேலே விழும் மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்குகிறது. மூடாக்காகப் போட்ட இலைதழை வெயிலை மறைக்கிறது, அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவராமல் தடுக்கிறது. வேரைச் சுற்றி ஈரம் நின்றால் உப்பின் கடுமையும் குறைந்தே இருக்கும். கையளவு எரு செய்கிற இந்த உதவி சின்னதல்ல. ஆனால் தண்ணீர் வெளியேற வழி இல்லாத இடத்தில் லோடு லோடாகக் கொட்டினாலும் பயனில்லை.

சுனாமிக்குப் பிறகு, 2005 தொடக்கத்தில் நாகைக் கடற்கரைக் கிராமங்களில் மண் எடுக்கப் போனேன். நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்குவதுபோல உப்பு நொறுங்கும். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. மறு தையில் போனபோது, மணற்பாங்கான மேட்டுக் கொல்லைகளில் கீரையே முளைத்திருந்தது. நூறு அடி தள்ளி, வடிகால் தூர்ந்துபோன களிமண் பள்ளத்தில் அதே மழைதான் பெய்தது. அங்கே தண்ணீர் நின்று வற்றியிருந்தது, உப்பும் அங்கேயே இருந்தது. இரண்டு இடத்துக்கும் எரு போட்டிருந்தார்கள்.

உங்கள் மாமியாரின் மாமரம் ஏன் தப்பியது என்று கேட்டிருக்கிறீர்கள். அது வீட்டு மேட்டில் நிற்கிறது, ஓட்டுக் கூரையின் தண்ணீர் அதன் அடியில்தான் விழுகிறது, விழுந்த இலையை யாரும் கூட்டி அள்ளுவதில்லை என்று நீங்களே வேறொரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். மேடு, மழைத்தண்ணீர், மூடாக்கு மூன்றும் அந்த மரத்துக்குத் தானாகவே அமைந்துவிட்டன. புயலில் சாயாமல் நின்றதற்கு வீட்டுச் சுவர் கொடுத்த மறைவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போட்ட எருவில் என்ன பிழை?

பிழை உங்கள் எண்ணத்தில் இல்லை, சரக்கில்தான். தென்னைநார்க் கழிவை நம் கடற்கரைப் பக்கம் பெரும்பாலும் உவர்த்தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து எடுக்கிறார்கள். அது உப்பைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. தவிர, மட்காத நார்க் கழிவில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அது மட்குவதற்கு மண்ணில் இருக்கிற தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், கன்று பட்டினி கிடக்கும். பச்சைக் கோழி எருவிலோ உப்பும் அதிகம், வேரைப் பொசுக்கும் அமோனியாவும் அதிகம். உப்பில் தவிக்கும் கன்றுக்கு இரண்டையும் ஒன்றாகக் கொடுத்திருக்கிறோம்.

போனது போகட்டும், அந்த நார்க் கழிவு வீணாகாது. கன்றுகளின் அடியிலிருந்து வாரி எடுத்து, கன்றுகளுக்குக் கீழ்ப்புறமாக, வடிகால் ஓரத்தில் குவித்து வையுங்கள். ஆடி, ஆவணியில் வரும் மழை அதிலிருக்கும் உப்பைக் கழுவட்டும். பிறகு ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் ஒன்றரைக் கிலோ சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மட்க வைக்கலாம். இது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறைதான். யூரியா வேண்டாம் என்றால் சாணக் கரைசலை அடிக்கடி தெளித்து வாருங்கள், நாள் மட்டும் கூடப் பிடிக்கும். கறுத்து, கையில் எடுத்தால் மண்வாசனை வரும் பதத்துக்கு வந்த பிறகு கன்றுக்குப் போடலாம்.

இனி எந்த எருவையும் அளக்காமல் வாங்காதீர்கள். பேனா போன்ற மின்கடத்தும் திறன் மானி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். ஒரு பங்கு எருவை 5 பங்கு மழைத்தண்ணீரில் கலக்கி, ஒரு மணி நேரம் விட்டு, வடிகட்டி அளங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கம்போஸ்டுக்கு 4 உச்சவரம்பு. உங்கள் நிலத்துக்கு நான் 2க்கு மேல் போகவிட மாட்டேன். கடற்பாசியை உரமாகப் போடுகிறவர்களும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் போட வேண்டும்.

ஜிப்சம் போடலாமா?

நம் பேச்சில் 'களர் உவர்' என்று சேர்த்தே சொல்லிவிடுகிறோம், ஆனால் இரண்டும் வேறு நோய். உவர் என்பது கரையும் உப்பு மிகுந்த மண். களர் என்பது சோடியம் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு, மண்ணைச் சேறாக்கி இறுக்கிவிட்ட நிலை. கார அமில நிலை 8.5ஐத் தாண்டியிருக்கும். ஜிப்சம் களருக்குத்தான் மருந்து, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காருகிறது. வெறும் உவருக்கு அது தேவையில்லை. ஜிப்சமும் ஓர் உப்புதானே.

ஆனால் கடல்நீர் கலந்த மண்ணில் ஒரு சிக்கல் உண்டு. உப்பு மிகுந்திருக்கும்வரை களர் குணம் வெளியே தெரியாது. உப்பு கழுவிப்போனதும் மண் திடீரென்று இறுகிவிடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடிக் குப்பியில் ஒரு பிடி மண் போட்டு மழைத்தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தெளிய விடுங்கள். தெளிந்த நீரைக் கொட்டிவிட்டு மறுபடி புதுத்தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். இப்படி மூன்று முறை செய்த பிறகும் ஒரு நாளில் தண்ணீர் தெளிந்துவிட்டால் ஜிப்சத்துக்குச் செலவு வேண்டாம். பால்போலக் கலங்கியே நின்றால், பரிசோதனை நிலையத்தில் 'பரிமாற்ற சோடியம் எத்தனை சதவீதம்' என்று கேளுங்கள். 15க்கு மேல் என்றால் அவர்கள் சொல்லும் அளவில் போடத்தான் வேண்டும். மேல்மண்ணை ஒரு குப்பியிலும், அந்த 3 அடிக் களிமண்ணை இன்னொன்றிலும் போட்டுப் பாருங்கள். விடை வெவ்வேறாக வரலாம்.

காணொளியில் பார்த்ததாகச் சொன்ன 'குழிக்கு 3 கிலோ ஜிப்சம், 8 கிலோ தொழுவுரம்' முறை கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. அருமையான முறைதான். ஆனால் அது வடக்கே கங்கைச் சமவெளியின் களர் நிலத்துக்காக, சுண்ணாம்புப் பாறைத் தட்டைத் துளையிட்டு மரம் வைப்பதற்காக வகுத்தது. உங்கள் கடற்கரைக் கொல்லைக்கு அப்படியே பொருந்தாது.

இந்த ஆண்டு என்ன செய்யலாம்?

முதல் செலவு வடிகாலுக்கு. கொல்லையின் தாழ்ந்த பக்கமாக 3 அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வெளியேறும் பொது வடிகாலோடு சேருங்கள். ஓரடி மண்ணிலிருக்கும் உப்பில் 5இல் 4 பங்கு போக, சுமார் ஓரடித் தண்ணீர் அதன் வழியே இறங்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்கு 1300 மில்லிமீட்டருக்கு மேல், நாலடிக்கும் அதிகமாக மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். இறங்கிப் போக வழி இருந்தால் அந்த மழை உங்கள் வேர்ப்பகுதிக்குப் போதும். பொது வடிகால் தூர்ந்திருந்தால் ஊராட்சியிலும் நீர்வளத் துறையிலும் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிவையுங்கள். இது உங்கள் ஒருவருக்கான வேலை அல்ல, அண்டைக் கொல்லைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.

ஆவணி மழையில் மர வரிசைகளுக்கு நடுவே ஏக்கருக்கு 20 கிலோ வீதம் தக்கைப்பூண்டு விதையுங்கள். உப்பைத் தாங்கி வளரும், அதன் வேர் மண்ணைத் துளைத்துவிடும். 45 நாளில், பூ எடுக்கும் பருவத்தில், பெருமழைக்கு முன் மடக்கி உழுதுவிடுங்கள். நிலத்திலேயே விளைந்த இந்தத் தழை, வாங்கிக் கொட்டுகிற எந்த எருவைவிடவும் மலிவு, அதோடு வெளி உப்பும் வராது.

கார்த்திகை மழை ஓய்ந்ததும், மண் ஈரமாக இருக்கும்போதே மூடாக்குப் போடுங்கள். பூவரசு இலை, வைக்கோல், ஓலை எதுவானாலும் சரி, நாலு அங்குல கனத்துக்குக் குறையாமல், தண்டிலிருந்து அரை அடி தள்ளி. மாசியில் உப்பு பூத்த பிறகு போட்டால் பாதிப் பயன்தான்.

பாய்ச்சலில் ஒன்று சொல்கிறேன், இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். சொட்டுநீர் பாய்ச்சுகிற நிலத்தில் உப்பெல்லாம் ஈர வட்டத்தின் விளிம்பில் ஒதுங்கி நிற்கும். கோடையில் திடீரென்று ஒரு தூறல் விழுந்தால் அந்த விளிம்பு உப்பு கரைந்து நேராக வேருக்குள் வரும். 'மழை பெய்கிறதே' என்று மோட்டாரை நிறுத்திவிடுவோம், நாலாம் நாள் இலை கருகும். சிறுமழை பெய்யும்போது சொட்டுநீரை நிறுத்தாதீர்கள். பெருமழை பிடித்த பிறகு நிறுத்தினால் போதும். முடிந்தால் ஒரு மூலையில் குட்டை வெட்டி மழைத்தண்ணீர் பிடியுங்கள். துளிர்விடும் நேரத்திலும் பூக்கும் நேரத்திலும் அந்தத் தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு கலந்து விடலாம். ஆழ்குழாயை ஒரே மூச்சில் மணிக்கணக்காக ஓட்டாதீர்கள், அடியிலுள்ள உவர்நீர் மேலே ஏறிவிடும்.

மரத்தை மாற்றலாமா?

மிச்சமிருக்கும் 38 மாங்கன்றையும் இப்போதே வெட்ட வேண்டாம். மேட்டுப் பக்கம் இருப்பவற்றை இரண்டு மழைக்காலம் பாருங்கள். பள்ளத்துப் பக்கம் இருப்பவற்றில் நம்பிக்கை வைக்காதீர்கள். எவ்வளவு எரு போட்டாலும் அங்கே மா பிழைப்பது கடினம் என்று நினைக்கிறேன், இதை மறைத்து உங்களை இன்னும் செலவழிக்க விட எனக்கு மனமில்லை.

சப்போட்டா தேறியதில் வியப்பில்லை. அந்த ஒட்டுக் கன்றுகளின் வேர் பெரும்பாலும் பாலை மரத்தினுடையது. கோடியக்கரைக் காட்டில் பழம் பொறுக்கியிருப்பீர்களே, அதே பாலைதான். உப்புக் காற்றும் உவர் மண்ணும் அதற்குப் பழகியவை. காலியான குழிகளில் சப்போட்டாவைக் கூட்டலாம். பள்ளத்தில் தென்னை, இலந்தை, களா வைக்கலாம். கடல் காற்று வரும் பக்கம் பூவரசும் புன்னையும் புங்கும் வரிசையாக வைத்தால் இலையில் படியும் உப்பும் குறையும். புதுக் கன்றை ஓரடி உயர மேட்டில் நடுங்கள், குழிமண்ணில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எரு கலக்காதீர்கள். களிமண் நடுவே குழியை எருவால் மட்டும் நிரப்பினால் அது உப்புத் தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.

கொழுந்தனார் சொன்னதற்கு

உங்கள் நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கைத் தொடுத்தவரே உங்கள் மாவட்டத்தில் போராடிய சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயாதான். 2005இல் வந்த சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்யாமல் பண்ணை நடத்த முடியாது. குத்தகை முடிந்து நிலம் திரும்பும்போது உங்கள் கைக்கு வருவது பல ஆண்டு கடல்நீர் நின்ற மண். பக்கத்தில் ஏற்கெனவே பண்ணை இருந்து கசிவு வருவதாகச் சந்தேகம் என்றால், அந்த எல்லையிலிருந்து 10 அடிக்கு ஒன்றாக மண் எடுத்து அளங்கள். எல்லையை நெருங்க நெருங்க அளவு கூடினால் அதை வைத்து மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம், ஆட்சியர் தலைமையில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது.

மழைக்கு முன் ஒரு தடவை, தையில் ஒரு தடவை மண் எடுங்கள். மேலோரடி தனியாக, அடுத்த இரண்டடி தனியாக எடுத்து, நாகை அருகே சிக்கல் என்ற ஊரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்திலோ கொடுக்கலாம். கருகிய ஒரு மாங்கன்றின் அடி, நன்றாக நிற்கும் ஒரு சப்போட்டாவின் அடி, மாமியாரின் மரத்தடி மூன்றிலும் எடுத்து, பையில் பெயர் எழுதி அனுப்புங்கள். தை மாத அளவுகளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். பள்ளத்துப் பக்கத்தை என்ன செய்வது என்பதை அப்போது முடிவு செய்வோம்.